தரையில் ஓடிய முந்நூறு தடவை

1

நேற்று மதியம் ஒரு விமானத்தை அழித்தேன். கணினியில்தான். எங்கள் நிறுவனம் கண்காணிக்கும் விமானங்களின் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘சேவை முடிந்தது’ என்று குறித்தால், நிச்சயமாகவா என்று பிரெஞ்சில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் கேட்கும். மொன்றியலில் எதையும் இரண்டு மொழியில் கேட்டால்தான் சட்டப்படி செல்லும். இரண்டு தடவையும் ஆமாம் என்று அழுத்தினேன். திருவனந்தபுரத்தில் நின்றிருந்த, என் மகளைவிட ஒரு வயது மூத்த அந்தச் சின்ன ஜெட் பட்டியலிலிருந்து போனது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இதை அழகு என்று சொல்லும் ஆட்களைச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து என் காரைத் தோண்டி எடுக்கச் சொல்லலாம். இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தின் நெரிசலில் வளர்ந்தவளுக்கு இங்கே முதல் வருஷம் பயமாக இருந்தது அமைதிதான். இப்போது அதுவும் பழகிவிட்டது.

அந்த விமானத்தை அழித்ததில் இருந்து சாப்பாடு இறங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘ஏரோப்ளேன் கம்பெனி’ என்று சொல்லி முடித்துவிடுவேன். அவர்களும் ஏர்ஹோஸ்டஸ் ஆக எனக்கு வயது கூடிவிட்டதே என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் செய்வது பணக்காரர்களுக்குக் கெட்ட சேதி சொல்லும் வேலை.

இருபத்தைந்து வயதான தனியார் ஜெட் மலிவாகக் கிடைக்கும். புதிதாகப் பணம் பார்த்த முதலாளி ஆசைப்பட்டு வாங்கிவிடுவார். குறிப்பிட்ட மணி நேரம் ஓடிய பிறகு எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கூட்ட வேண்டும் என்பது விதி. அந்தச் செலவுக்கு விமானத்தின் வயது தெரியாது. புது ஜெட்டுக்கு எவ்வளவோ, கிழட்டு ஜெட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு எஞ்சினையும் பிரித்துக் கூட்டுகிற பணத்தில், அதே வயதில் பறக்கிற நிலையில் உள்ள இன்னொரு ஜெட்டையே வாங்கிவிடலாம். இதைச் சொன்னதும் முதலாளிகள் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு பேரம். ஓட்டுகிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை கட்டி வந்திருந்தால் பெரிய செலவை அந்தத் திட்டமே ஏற்றிருக்கும். இவர்கள் அதில் சேர்ந்திருக்க மாட்டார்கள். உடைத்துப் போட்ட வேறொரு விமானத்திலிருந்து பாதி ஆயுள் மீதி இருக்கும் எஞ்சினை வாங்கி மாட்டலாம். அதன் காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். பிரிக்கக் கொடுத்தால் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வாடகை எஞ்சின் வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், உள்ளே என்ன கிடக்கிறது என்று பிரித்த பிறகுதான் தெரியும். பாதியில் நிறுத்தவும் முடியாது. கடைசி வழி, விமானத்தை உடைத்து உதிரியாக விற்பது. பெரும்பாலும் என் அறிக்கையின் கடைசிப் பத்தி இந்த வழியில்தான் போய் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. எஞ்சினுக்குள் சுழலும் வட்டுகளுக்கு எண்ணி வைத்த ஆயுள் உண்டு. விமானம் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று கழியும். எண்ணிக்கை தீர்ந்தால், வட்டு பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குப்பைதான். அந்த எண்ணிக்கை இருப்பது லாக் புத்தகத்தில் மட்டும். புத்தகம் சொல்வதுதான் வட்டின் வயது.

3

போன பங்குனியில் அந்த ஜெட்டைப் பார்த்து அறிக்கை எழுதக் கம்பெனி என்னைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியது. உனக்கு விடுமுறை மாதிரி என்றான் என் மேலாளன். விடுமுறையாம்!

எங்கள் வீட்டை விற்று ஏழு வருஷம் ஆகிறது. தம்பானூரில் ஓட்டலில் அறை எடுத்தேன். பிறந்த ஊரில் அறைச் சாவியை வரவேற்பில் கொடுத்துவிட்டு வெளியே போவது என்ன மாதிரி அவமானம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மறுநாள் விமான நிலையத்துக்குள் போக அனுமதிச் சீட்டு. நான் கனடாக் குடிமகள், ஆகவே வெளிநாட்டவருக்கான படிவம். பாஸ்போர்ட், அயலக இந்தியர் அட்டை, கம்பெனிக் கடிதம், நான்கு புகைப்படம். ‘இந்தியாவில் உள்ளூர் முகவரி’ என்ற கட்டத்தில் ஓட்டல் பெயரை எழுதினேன். படிவத்தை வாங்கிய அலுவலர் மலையாளத்தில் ஏதோ கேட்க, நான் என்னை அறியாமல் ஆமாம் என்பதை ‘வுய்’ என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, சொந்த ஊர் எது என்று கேட்டார்.

“மேடத்திண்ட நாடு எவிடயா?”

“கிழக்கேகோட்டை.”

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

வெளிநாட்டவர் தனியாக உள்ளே போகக் கூடாது. எனக்குப் பொறுப்பேற்று அழைத்துப் போக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவன் ஞானதாஸ்.

அவனும் நானும் இதே ஊரில் விமானப் பராமரிப்புப் படிப்பு ஒன்றாகப் படித்தோம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கிண்டல் செய்யாத ஒரே பையன் அவன். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், பொய் சொன்னால் வயிற்றுவலி வரும் என்று நாங்கள் அவனைக் கேலி செய்வோம். நான் விமானம் ஏறினேன். அவன் பல வருஷம் ஹெலிகாப்டர்களில் வேலை பார்த்துவிட்டு, பதினோரு வருஷமாக இந்த ஜெட்டுக்கு எஞ்சினியர். ஒரு விமானம், ஒரு எஞ்சினியர். இந்த ஜெட் போனால் அவனுக்கு வேலை இல்லை. ஐம்பத்தைந்து வயதில் இந்த ஊரில் வேறு ஜெட் கிடைக்காது.

“நல்லா வெளுத்துப் போனியே!” என்றான் என்னைப் பார்த்ததும். “அங்க வெயிலே கெடையாதா?”

“நீ கருத்ததுக்கு நான் என்ன பண்ண?”

4

ஜெட் சுத்தமாக நின்றது. சங்குமுகம் கடற்காற்று அரிக்காத உலோகம் கிடையாது. ஆனால் அதன் மேல் ஒரு பொட்டுத் துரு இல்லை. முதலாளிக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஆறு வருஷமாகப் பறப்பது அருகிவிட்டது. ஓடாத எஞ்சின் கெட்டுவிடும் என்பதால் ஞானதாஸ் சனிக்கிழமைதோறும் அதை நின்ற இடத்திலேயே இயக்கி, நன்னீரால் கழுவி, மூடி வைத்திருக்கிறான்.

“ஒரு சனியாழ்ச்ச விட்டது கெடையாது, கேட்டியா. எனக்க மகளுக்க முதல் திருவிருந்து அன்னிக்குக்கூட காலத்த வந்து ஓட்டிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனேன்.”

நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை எஞ்சின்களுக்குள் விட்டுப் பார்த்தேன். உள்ளே அவ்வளவு நன்றாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மனசு லேசாகிவிட்டது. ஹைதராபாதில் ஒரு வாடகை விமானக் கம்பெனி இந்த ஜெட்டை வாங்கத் தயாராக இருந்தது. வட்டுகளில் ஆயுள் மீதி இருந்தால் முழுக்கப் பிரிக்காமல் இடைக்காலச் சோதனையோடு சில வருஷம் ஓட்டலாம் என்பது அவர்கள் எண்ணம். ஞானதாஸையும் விமானத்தோடு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு லாக் புத்தகத்தைத் திறந்தேன்.

அழகான கையெழுத்து. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் வட்டின் ஆயுளில் ஒன்று கழிக்கப்பட்டிருந்தது. பறக்காமல், தரையில் நின்றபடி ஓடியதற்கெல்லாம். முந்நூற்றுச் சொச்சம். இந்த வகை எஞ்சினில் ஏறி இறங்கினால்தான் கணக்கு. தரை ஓட்டம் சேராது. கையேட்டில் தெளிவாக இருக்கிறது. அவன் வீணாகக் கழித்த முந்நூறால் புத்தகத்தின்படி வட்டுகளின் ஆயுள் தீர்ந்தே போயிருந்தது.

“ஞானம், தரையில ஓட்டினதை எல்லாம் ஏன் சேர்த்தே?”

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

“ஒனக்கு ஓர்மை இல்லியா?”

“என்ன?”

“நான் ஒன்னை விளிச்சுக் கேட்டேன்லா. ஹெலிகாப்டர்ல ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணு, இதுல எப்படின்னு தெரியல்ல, புஸ்தகம் புதுசு இங்க வரல்லன்னு. நீதானே சொன்னே, சேத்து எழுதுன்னு.”

ஐயோ. எனக்கு ஓர்மை வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பனியில் கார் சறுக்கிச் சாலையோரம் நின்றுவிட்டது. இழுவை வண்டிக்காரனிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் மன்றாடிக்கொண்டிருந்தபோது இவன் அழைத்தான். “சேர்த்து எழுதிடு ஞானம், சேஃப் சைடு. கூட இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, குறைஞ்சாத்தான் கேப்பாங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அலுவலகம் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையேடு என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது.

அதோடு விட்டேனா? அவன் அனுப்பிய மாத அறிக்கைகள் எல்லாம் என்னிடம்தான் வந்தன. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஆறு வருஷம் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறேன். ஒன்றையும் படித்ததில்லை.

“திருத்திரலாம்,” என்றேன். “கையேட்டுப் பக்கத்தைக் காட்டித் திருத்தம் எழுதுவோம்.”

“அதாக்கும் சரி. நீ இருக்கும்பம் எனக்கு என்ன பயம்,” என்றான்.

5

அன்று சாயங்காலம் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி எஸ்தர் மரச்சீனிக்கிழங்கும் மீன் கறியும் வைத்திருந்தாள். நான் மீன் சாப்பிடாத வீட்டில் பிறந்தவள் என்பதை ஞாபகம் வைத்துத் தனியாகப் பருப்பும் பப்படமும். கனடாவில் நான் எல்லாம் தின்பேன் என்று சொல்ல மனசு வரவில்லை. பருப்பையே சாப்பிட்டேன்.

“அக்கா, இவரு எங்க காரியத்த மறந்தாலும் அந்தப் பிளேனுக்கு எண்ணெய் மறக்க மாட்டாரு,” என்றாள் எஸ்தர். “அதுக்க பேருல எனக்கு அசூயைதான்.”

“சும்மா இரு,” என்றான் ஞானதாஸ்.

“உள்ளதைத்தானே சொல்லுதேன்? அக்கா, அந்த ஹைதராபாத் காரியம் நடக்கும்லா? அங்க போயிட்டா மகளுக்கும் அங்கயே நர்சிங் பாக்கலாம்னு வச்சிருக்கோம்.”

“நடக்கும் எஸ்தர்,” என்றேன். அப்போது நானும் அதை நம்பினேன்.

அவர்களுடைய மகள் உள்ளறையில் போனில் மலையாளத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து என்னிடம் ‘சுகமல்லே ஆன்ட்டி’ என்று நலம் விசாரித்துவிட்டுத் திரும்பப் போனாள். என் மகளாவது என்னோடு ஒரு ஊரில் இருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. கல்கரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுவாள். எஸ்தரைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

6

கூட்டம் முதலாளியின் ஓட்டலில் நடந்தது. முதலாளி சக்கர நாற்காலியில் இருந்தார். ஹைதராபாத் கம்பெனியின் ஆவணப் பரிசோதகர் திரையில். நான், ஞானதாஸ். நான் தயாரித்த திருத்தத்தை விளக்கினேன். கையேட்டுப் பக்கம், முந்நூற்றுச் சொச்சம் வரிகள், சரியான எண்ணிக்கை.

பரிசோதகர் மரியாதையான மனிதர். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். கையேடு நீங்கள் சொல்வதுபோலத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்த வரி தரை ஓட்டம், எந்த வரி பறந்தது என்று புத்தகத்தில் தனியாகக் குறிப்பு இல்லை. ஆறு வருஷம் ஒரே மாதிரி எழுதிய புத்தகத்தை, விற்பனை பேசத் தொடங்கிய பிறகு ஒரே நாளில் திருத்துகிறீர்கள். நாளைக்கு எங்களிடம் கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? இப்படிச் சேர்த்து எழுதும்படி அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர் அதை எழுத்தில் உறுதி செய்தால், அது வேறு விஷயம். யாராவது சொன்னார்களா?

இவ்வளவுதான் கேள்வி. என் வாயில் இருந்தது பதில். நான்தான் சொன்னேன், மாதாமாதம் சரிபார்த்ததும் நான்தான் என்று சொல்லியிருந்தால் அந்த ஜெட் ஹைதராபாதுக்குப் போயிருக்கும், ஞானதாஸும் போயிருப்பான். எனக்குக் கையெழுத்து அதிகாரம் போயிருக்கும். கம்பெனி மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருக்கும். ஐம்பத்தைந்து வயதில் அந்தப் பனியில் நான் எங்கே போய் வேலை தேடுவது? இதையெல்லாம் நான் வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். பயம். வெறும் பயம். முன்னால் கிடந்த கையேட்டின் பக்கத்தைத் திருப்பினேன்.

ஞானதாஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்துச் சொன்னான்:

“ஆரும் சொல்லல்ல சார். நானாட்டு எழுதினதாக்கும்.”

அவன் தமிழில் சொன்னதை நான் பரிசோதகருக்காக ஆங்கிலத்தில் சொன்னேன். ஆமாம், நானே மொழிபெயர்த்தேன். யாரும் சொல்லவில்லையாம், அவராகவே எழுதினாராம் என்று என் வாயால், தெளிவான உச்சரிப்பில்.

பரிசோதகர் நன்றி சொல்லி விடைபெற்றார். முதலாளி என்னிடம் முழுக்கப் பிரித்துக் கூட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். புது வட்டுகளும் சேர்ந்தால் விமானத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் சொன்னேன். அவர் ஞானதாஸ் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

“மதி. எனிக்கு மதியாயி,” என்று போதும் என்பதாகக் கையை ஆட்டினார். “உடைச்சு வித்தோ.”

வெளியே வந்ததும் ஞானதாஸ் ஆட்டோவை நிறுத்தி, ஓட்டுநரிடம் தம்பானூர் என்று சொல்லி என்னை ஏற்றிவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். “ஞானம், நான்…”

“நீ சமயத்துக்கு எதாவது தின்னு. மொகம் வாடிக் கெடக்கு,” என்றான்.

7

உடைக்க ஒரு வருஷம் பிடித்தது. கடைசி உதிரி போய்ச் சேர்ந்த காகிதம் நேற்று வந்தது. அதனால்தான் கணினியில் அந்தச் சொடுக்கு.

போன ஞாயிறு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். “நீ சேர்த்து எழுதச் சொன்னது எழுத்துல இல்லையே அம்மா? போன்ல சொன்னதுதானே? அப்ப உனக்கு ஒரு பிரச்சினையும் வராது” என்றாள். ஆறுதல் சொன்னதாக அவள் நினைத்தாள். நான் வளர்த்த பிள்ளைதானே, என்னைப் போலத்தான் யோசிக்கிறாள்.

நேற்று அலுவலகத்திலிருந்தே ஞானதாஸை அழைத்தேன். அவன் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறான். கரண்ட் போனால்தான் வேலை, பாக்கி நேரம் சுகம் என்று சிரித்தான். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். முதலாளிக்கும் ஹைதராபாதுக்கும் உண்மையை எழுதப் போகிறேன், உன் பேரில் உள்ள கறையாவது போகட்டும், என் வேலை போனால் போகட்டும். கடிதம் தயாராகத் திரையில் இருந்தது.

அவன் சிரிப்பை நிறுத்தினான்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“எஸ்தர்ட்ட நான்தான் தெரியாம எழுதிக் கெடுத்தேன்னு சொல்லியாச்சு. ரெண்டு மாசம் எனக்க மொகத்தப் பாக்கல்ல. மகளுக்க படிப்பக் கெடுத்தியேன்னு அழுதா. பின்ன ஒரு நாள் பிரார்த்தனைக்கு இருக்கும்பம், உங்கள நான் மன்னிச்சேன்னு சொன்னா. இப்பம் நாங்க நல்லா இருக்கோம். நீ இப்பம் எழுதினா, அவ மறுபடியும் முதல்ல இருந்து தொடங்கணும். உன்னை மன்னிக்கணும், பொய் சொன்னதுக்கு என்னை மன்னிக்கணும். அவளால முடியாது பிள்ளே. விட்டுரு.”

கடிதத்தை அனுப்பவில்லை.

இதை இந்தக் குறிப்பில் சொல்லிவிட்டேனே என்று நீங்கள் கேட்கலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்று உண்டு. அந்த வீட்டில் தமிழ் பேசத்தான், படிக்க இல்லை. பள்ளிக்கூடம், வேதப்புத்தகம், பத்திரிகை எல்லாம் அவர்களுக்கு மலையாளம். எஸ்தருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் தமிழில் எழுதியிருக்கிறேன்.